மேடு ஏறுமா ஜீப்? இறங்குமா கடன்?

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பாதையோரத்து வாகன விற்பனை நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு மை பூசி, வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். முன்பு அங்கே கார்களும் வேன்களுமே அதிகம் நின்றன. இன்று கண்ணை இழுப்பது காருக்கும் ஜீப்புக்கும் இடைப்பட்ட ஒரு வாகனம். நம்மவர்கள் அதைச் 'சின்ன ஜீப்' என்கிறார்கள்.

அண்மையில் அப்படி ஒரு நிலையத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனது ஒரு குடும்பம். தெல்தோட்டைக்கு மேலே மரக்கறித் தோட்டம் செய்தவர்கள். மண்சரிவில் வீடும் தோட்டத்தின் பாதியும் போய்விட்டன. இன்று உறவினர் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார்கள். மிஞ்சிய பாதித் தோட்டம் அங்கிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் கிடக்கிறது. மகன் கட்டாரில் உழைத்துக் கொண்டு வந்த பணம் கையில் உண்டு. மீதிக்கு லீசிங் எடுக்கலாம் என்பது அவனுடைய எண்ணம்.

தகப்பனார் அந்த வாகனத்தைச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "மாஸ்டர், இது எங்க மேட்டுல ஏறுமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்விதான். மறுபாதியையும் நாம் கேட்டாக வேண்டும். வாகனம் மேட்டில் ஏறலாம். கடன் இறங்குமா?

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிச் சென்றது. அதன்பின் நிலத்தை விட்டு நகர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல. அவர்களில் யாரிடமாவது கொஞ்சம் பணம் சேர்ந்தால், "ஒரு வாகனம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சு வீட்டுக்குள் எழுகிறது. ஆகவே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

சின்ன ஜீப் என்றால் என்ன?

பழைய ஜீப்புக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம் உண்டு. அதன் மேலே உடல் தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் வலுவைக் கொடுக்கலாம். செங்குத்தான ஏற்றத்துக்கென்று மிகத் தாழ்ந்த கியர் ஒன்றும் தனியே இருக்கும்.

சின்ன ஜீப் அப்படியானதல்ல. அது காரின் உடலைக் கொஞ்சம் உயர்த்தி, ஜீப்பின் முகத்தைப் பொருத்திய வாகனம். சட்டமும் உடலும் ஒன்றே. 1994 இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா ராவ்4 இந்த வகைக்கு வழிகாட்டியது. நம் நாட்டில் அதிகம் ஓடுவது ஹொண்டா வெசல். அது 2013 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2019 இல் வந்த டொயோட்டா ரைஸ் அதைவிடச் சிறியது. அறிமுகமானபோது அதன் பெற்றோல் எஞ்சின் 1,000 சீசீக்கும் குறைவாக இருந்தது. வாகன இறக்குமதி வரி எஞ்சினின் அளவைப் பொறுத்துக் கூடுவதால் இப்படிப்பட்ட சிறிய எஞ்சின்களுக்கு இங்கே கிராக்கி அதிகம்.

இந்த வாகனங்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் மட்டும் இழுபடுபவை. நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் உண்டு. ஆனால் வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 'ஜீப்தானே' என்று நம்பி வாங்கக் கூடாது. நான்கு சக்கர இழுவை உண்டா என்று கேட்டு, பத்திரத்திலும் பார்த்து, ஒரு மெக்கானிக்கைக் கொண்டு அடிப்பாகத்திலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: உங்கள் பாதை எது?

அன்று நாங்கள் ஐந்து பேராக அந்த வாகனத்தில் ஏறி ஹந்தானைப் பக்கம் போனோம். விற்பனை நிலையத்துப் பையனும் கூட வந்தான். தார் போட்ட ஏற்றத்தில் வாகனம் சத்தமில்லாமல் ஏறியது. மகனின் முகம் மலர்ந்தது. பிறகு தகப்பனார் ஒரு கிளைப்பாதையைக் காட்டினார். முதல் நாள் மழையில் நனைந்த மண் பாதை. பாதி ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொன்னார். முன்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன.

இதற்குக் காரணம் உண்டு. மேட்டில் ஏறும்போது வாகனத்தின் பாரம் பின்பக்கம் சாய்கிறது. பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் இன்னும் சாயும். அப்போது இழுக்க வேண்டிய முன்சக்கரங்களுக்கு நிலத்தில் பிடி குறைந்துவிடுகிறது. ஆகவே முன்சக்கர வாகனத்தில் பின்னால் மூட்டை ஏற்றி, ஈர மண்ணில் மேடு ஏறுவது அதற்குப் பழக்கமில்லாத வேலையை வாங்குவதாகும்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உங்கள் பாதை தார் அல்லது கொங்கிரீட் பாதையாக இருந்து, குழிகள் மட்டுமே தொல்லை என்றால், உயர்ந்த அடிப்பாகம் நன்மைதான். சாதாரண சிறிய கார்களின் அடிப்பாகம் நிலத்திலிருந்து சுமார் 150 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும். ரைஸ் வாகனத்துக்கு அது 185 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய இந்த உயரம் எத்தனையோ கற்களிலிருந்து வாகனத்தைக் காப்பாற்றும். ஆனால் பாதையே சரிந்து போன இடத்தில் எந்த உயரமும் உதவாது. மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் நல்ல வாகனம் இருக்கிறதென்ற துணிவில் புறப்படுவது, வாகனம் இல்லாமல் இருப்பதை விட ஆபத்தானது.

இரண்டாவது கேள்வி: உங்கள் சுமை எது?

தோட்டக்காரனுக்கு வாகனம் எதற்கு? விதை, உரம், பசளை கொண்டு போக. லீக்ஸ், கரட், போஞ்சி கொண்டு வர. சின்ன ஜீப்பின் மொத்தச் சுமை, ஆட்களையும் சேர்த்தே, பெரும்பாலும் 400 முதல் 500 கிலோவரைதான். ஐந்து பேர் ஏறினால் மூட்டைக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. ஒரு மூட்டை கோழிப் பசளையை ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். அந்த வாசனை உள்ளே இருந்து போக மாதம் ஆகும். விற்கும்போது விலையும் போகும்.

நம்மவர்கள் 'பட்டா' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் சிறு லொறியைப் பாருங்கள். 2005 இல் இந்தியாவில் வெளிவந்தது. அழகில்லை, வேகமில்லை, உள்ளே இரைச்சல். ஆனால் முக்கால் தொன் சுமக்கும். அதன் பின்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. அதனால் பாரம் ஏற ஏற மேட்டில் பிடி கூடும். பழுது பார்க்கத் தெரிந்த கராஜும் நம் ஊர்களில் உண்டு. விவசாயிக்கு எது ஜீப் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது கேள்வி: மாதக் கட்டணம் எந்த வயலில் விளையும்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் புதிய வாகனம் வராததால் பழையவற்றின் விலை தலைக்கு மேலே போனது. இறக்குமதி திறந்த பின்னும் ரூபாவின் வீழ்ச்சியும் வரிகளும் சேர்ந்து புதிய ஜப்பானியச் சின்ன ஜீப்பின் விலையை ஒரு கோடி ரூபாவுக்கு மேலே கொண்டு போயின. சூறாவளியில் முற்றாக அழிந்த வீட்டுக்கு அரசு 2025 டிசம்பரில் அறிவித்த உதவி 50 இலட்சம் ரூபா வரை. அதாவது ஒரு முழு வீட்டுக்கு வைத்த மதிப்பு ஒரு சின்ன ஜீப்பின் பாதி விலைக்கும் குறைவு. இதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

சரி, பழையது வாங்குவோம் என்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். விலை 90 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள 45 இலட்சத்தைக் கட்டி, மீதி 45 இலட்சத்தை 13 வீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு லீசிங் எடுத்தால், மாதக் கட்டணம் ஏறத்தாழ 1 இலட்சத்து 2 ஆயிரம் ரூபா. 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் இது 76 நாட்கூலி. மாதத்தில் இருப்பதோ 30 நாள். அதற்குப் பின் சம்பளம் கூடியிருந்தாலும் இந்தக் கணக்கு நம் பக்கம் சாயப் போவதில்லை. இதற்கு மேலே காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், பெற்றோல் என்று செலவு தொடரும்.

"ஹயருக்கு ஓட்டிக் கட்டுவேன்" என்று மகன் சொன்னான். எல்லா இளைஞரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஊரில் எத்தனை பேருக்கு ஹயர் தேவை? அவர்களில் எத்தனை பேர் முச்சக்கர வண்டியின் கட்டணத்தை விட்டு உங்கள் வாகனத்தின் கட்டணத்தைத் தருவார்கள்? காப்புறுதி தனியார் பாவனைக்கு எடுத்ததாயின், ஹயர் ஓடும்போது விபத்து நேர்ந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் ஹயர் நிற்கும். லீசிங் கட்டணம் நிற்காது.

2025 இல் மத்திய வங்கி வாகன லீசிங்குக்கு வரம்பு வைத்தபோது, வர்த்தக வாகனத்துக்குக் கூடிய வீதமும் தனியார் காருக்கும் ஜீப்புக்கும் குறைந்த வீதமும் ஒதுக்கியது. உழைக்கும் வாகனம் வேறு, ஓடும் வாகனம் வேறு என்பதை வங்கியே ஒப்புக்கொள்கிறது.

ஆசையை இகழ வேண்டாம்

இதை எழுதும்போது என் மனம் உறுத்துகிறது. இடம்பெயர்ந்த மக்களுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "சிக்கனமாயிருங்கள், இருப்பதைக் கொண்டு திருப்தியடையுங்கள்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் ஜீப்பில் வந்து இறங்கியே சொல்கிறார்கள். கூடாரத்தில் படுத்து, வரிசையில் நின்று, படிவம் நிரப்பிக் களைத்த ஒரு குடும்பம் மற்றவர்களைப் போல ஒரு வாகனத்தில் நிமிர்ந்து உட்கார ஆசைப்படுவது தவறா? தவறில்லை. அது ஆடம்பர ஆசையும் அல்ல. இழந்த மதிப்பை மீட்கும் ஆசை.

தேவையும் உண்மையானது. இரவில் பிரசவ வலி வந்தால் என்ன செய்வது? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இதை எல்லோரும் மனப்பாடம் செய்து வைக்க வேண்டும். ஆனால் அது வந்து சேரப் பாதை வேண்டும்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். வாகன ஆசைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது தூரம். வீடு ஓரிடம், தோட்டம் ஓரிடம், பள்ளிக்கூடம் இன்னோரிடம். இந்தத் தூரம் நாம் விரும்பி உண்டாக்கியதல்ல. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் நீருக்கடியில் போயின. சிலர் தொலைவிலுள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். சிலர் அருகிலேயே மேட்டு நிலத்தில் குடியேறினார்கள். நிலம் கிடைத்தாலும் நடந்து பழகிய தூரங்கள் எல்லாம் மாறிப்போயின. இன்று மீண்டும் அதே நிலை. குடியேற்ற இடம் தெரிவு செய்யும்போது மண் உறுதியானதா என்று பார்ப்பது கட்டாயம். அதோடு பாதை உண்டா, பஸ் வருமா, தோட்டத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டால், பொதுப் பணத்தில் போட வேண்டிய பாதையின் விலையை ஒவ்வொரு குடும்பமும் லீசிங் கட்டணமாகக் கட்ட வேண்டிவரும். இது அநீதி.

அப்படியும் வாங்குவதென்றால்

வீடு கட்டி முடிந்து, கடன் இல்லாமல், பாதையும் நல்லதாக இருந்து, குடும்பத் தேவைக்கு வாங்குகிறவர்களும் இருக்கலாம். அவர்கள் பின்வருவனவற்றைக் கவனிப்பது நல்லது.

1. வெள்ளத்தில் நின்ற வாகனமா என்று பாருங்கள். 2025 வெள்ளத்தில் கம்பளை, நாவலப்பிட்டி, பேராதனைப் பகுதிகளிலும் கொழும்பைச் சுற்றியும் நீர் ஏறியது. நனைந்தவற்றில் சில துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருக்கும். கால் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆசனத்தின் கீழுள்ள ஆணிகளில் துரு பிடித்திருக்கிறதா, விளக்குக் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை நம்பிவிட வேண்டாம். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த வாகனமாயின் ஏல அறிக்கையைக் கேளுங்கள். சேசி இலக்கத்தைக் கொண்டு அதைச் சரிபார்க்கலாம். பிரேக் மிதியின் தேய்வும் ஸ்டியரிங் வளையத்தின் பளபளப்பும் உண்மை பேசும். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது.

3. பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் வாகனமாயின், பற்றரியைக் கணினி பூட்டிப் பரிசோதிக்காமல் வாங்கவே கூடாது. அதை மாற்றும் செலவு ஒரு போகத்தின் வருமானத்தை விழுங்கும். முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் கொண்ட தானியங்கிக் கியர் உண்டு. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக 2014 இல் ஜப்பானில் வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் வாகனத்தில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கண்டி நகர நெரிசலில் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் இவ்வகைக் கிளச் சூடேறும். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கில் நிற்க வேண்டும், பெற்றோலை மிதித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

4. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பாருங்கள். பிறகு உங்கள் குடும்பம் முழுவதையும் ஏற்றி, உங்கள் மேட்டைப் போன்ற ஒரு மேட்டில் பாதியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கி, பிரேக் சூடேறி மணக்கிறதா என்று கவனியுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியதற்குச் சான்று உண்டா என்று கேளுங்கள்.

5. பதிவுப் புத்தகத்திலுள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 'ஓப்பின் பேப்பர்' வாகனம் மலிவாகத் தோன்றும், வில்லங்கம் பிறகு வரும். லீசிங் முடியாத வாகனமாயின் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வருமுன் காசு கொடுக்க வேண்டாம். இலக்கத் தகட்டின் எழுத்துகள் பதிவான காலத்தையே காட்டும். செய்த ஆண்டைப் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள்.

6. விற்பனை நிலையம் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். உங்கள் ஊர்க் கராஜில் உங்களுக்கு முகம் தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாட்கூலி வீண் போகாது.

கூட்டாகச் சிந்திப்போம்

ஒரே இடத்தில் குடியேறிய நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய சிறு லொறியை வாங்கினால், கடன் பிரியும், சுமை சேரும், சந்தைக்குப் போகும் நாளும் ஒன்றாகும். ஆனால் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். யார் பெயரில் பதிவு, யார் ஓட்டுவது, பழுதானால் யார் கொடுப்பது என்பதை வாங்கும் முன்னரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூட்டு முயற்சிகள் பல உடைந்தது வாகனம் பழுதானதால் அல்ல, கணக்கு எழுதாததால்.

கூடவே, பாதைக்கும் பஸ்ஸுக்கும் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். ஒருவர் கேட்டால் மனு. ஐம்பது குடும்பம் கேட்டால் அது உரிமைக் குரல்.

அன்று ஹந்தானையிலிருந்து இறங்கும்போது யாரும் பேசவில்லை. விற்பனை நிலையத்தில் தகப்பனார், "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு நடந்தார். மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவனுடைய ஆசை இன்னும் அடங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கட்டார் வெயிலில் உழைத்த பணம் அவனுடையது. முடிவும் அவர்களுடையதே. ஆனால் அந்தப் பணம் இன்னும் கையில் இருக்கிறது. பத்துப் பேர்ச் காணி, உறுதியான மண்ணில், பாதையோரமாகக் கிடைக்குமா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பாதைக்குத் தகுந்த சக்கரம், தோட்டத்துக்குத் தகுந்த சுமை, விளைச்சலுக்குத் தகுந்த கடன். இந்த மூன்றும் பொருந்தினால் வாங்குங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் பொறுங்கள். முதலில் கால் ஊன்ற நிலம் வேண்டும். சக்கரம் அதன் பிறகு வரட்டும்.